கடனாளிக்கு யார் துணை?



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர், ஆண்டுக்கு ஒரு நாள் இந்நூலக மண்டபத்தில் குடும்பஸ்தர்களுக்கு உபயோகமான ஒரு விஷயத்தைப் பற்றி ஒருவர் பேச வேண்டும் என்று எழுதிவைத்தாரே அல்லாமல், அந்த விஷயம் இன்னதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை எதுவும் விதித்துப் போகவில்லை. அந்தப் பெருந்தன்மையை நம்பித்தான், சபையில் வாய்விட்டுச் சொல்லப் பலரும் கூசுகிற ஒன்றை இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கீழ்க் கோர்ட்டுகளில் சிவில் வழக்கறிஞனாக ஐம்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். அந்த ஐம்பது ஆண்டுகளில் என் அறைப் படியேறி வந்தவர்களில் வரப்புத் தகராறுக்கும் பாகப் பிரிவினைக்கும் வந்தவர்களைக் காட்டிலும், வருகிற வருமானத்தைக் கொண்டு எந்தக் காலத்திலும் அடைக்க முடியாத கடனில் அகப்பட்டுக்கொண்டு வந்தவர்களே அதிகம். அவர்களுக்கு என்னென்ன சகாயம் உண்டு, உண்டாகியும் அது ஏன் அவர்களைச் சென்று சேருவதில்லை, சேர்ப்பிப்பது யாருடைய பொறுப்பு என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், நெடுநாளாக என் மனத்தில் கிடந்து உறுத்துகிற ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில், வட்டிக்குக் கொடுத்து வாங்கும் ஒருவரின் வழக்குகளை நடத்திக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நெசவாளர்மீது புரோநோட்டின்பேரில் தாவாப் போட்டார். சம்மன் போயிற்று, நெசவாளர் கோர்ட்டுக்கு வரவில்லை, எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகி, உரிய காலத்தில் ஜப்தி உத்தரவும் ஆகி, அமீனாவோடு நானும் அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தது. பட்டியலில் எழுதத்தக்க சாமான் என்று அந்த வீட்டில், குழித்தறி ஒன்றைத் தவிர, வேறொன்றும் இருக்கவில்லை. கைத்தொழில் செய்கிறவனின் தொழிற்கருவியை ஜப்தி செய்யலாகாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லுகிறது என்பதும், வாசலில் நின்றிருந்த அத்தனை பேரிலும் அதை நினைவில் வைத்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், எதிர்த்தரப்பு வக்கீல் சொல்ல வேண்டியதை நான் எதற்காகச் சொல்ல வேண்டும் என்று எண்ணி வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மாள் அழவில்லை, சபிக்கவில்லை. இன்னும் இரண்டு முழம் ஓட்டினால் புடவை முடிந்துவிடும், அதுவரைக்கும் பொறுக்க முடியுமா என்று மட்டும் அமீனாவிடம் கேட்டார். பொறுக்க முடியவில்லை. பாவை அறுத்து, அச்சையும் விழுதையும் நாடாவையும் தனித்தனியே கழற்றி வண்டியில் ஏற்றினார்கள்.

அன்றைக்கு அந்த நெசவாளருக்குச் சட்டம் இல்லாமற் போகவில்லை. 1908-ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பிரிவு புத்தகத்தில் இருந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சட்டம் தானாக எழுந்து பேசாது. அதைப் பேசவைக்க ஒரு மனிதன் வேண்டும். அந்த மனிதன் அவர் பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றான். இந்தத் தேசத்தில் கடன்பட்டவனுக்குக் குறைவாக இருப்பது சட்டமன்று, பக்கத்தில் வந்து உட்காரும் ஓர் ஆள்தான் என்பது அன்றிலிருந்து இன்றுவரை என் அனுபவத்தில் ஊறிப்போன அபிப்பிராயம்.

அந்த 60-ஆம் பிரிவு எவற்றையெல்லாம் காப்பாற்றுகிறது என்பதை, சட்டம் படியாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, சற்று நிதானமாகவே சொல்லுகிறேன். கடனாளியும் மனைவி மக்களும் உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரங்கள், மதாசாரப்படி ஒரு பெண் கழற்றலாகாத ஆபரணம், அதாவது நம் வழக்கில் தாலி, தொழிலாளியின் கருவிகள், உழவனின் கலப்பை முதலிய சாதனங்களும் அவன் பிழைப்புக்கு வேண்டுமென்று கோர்ட்டு கருதும் மாடும் விதைநெல்லும், இவற்றில் எதையும் சாதாரணப் பணக் கடனுக்காக எடுக்க முடியாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. வருங்கால வைப்பு நிதியைத் தொட முடியாது. பணக் கடனுக்கான டிக்ரியை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவே முடியாது என்கிறது 56-ஆம் பிரிவு. ஆண்களைப் பொறுத்தமட்டில், கட்டச் சக்தியிருந்தும் வஞ்சகமாகக் கட்டாதவனுக்கும், கட்டுவதற்கு வழியே இல்லாதவனுக்கும் உள்ள பேதத்தை 1980-ஆம் ஆண்டில் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கியது. வறுமை ஒன்றே காரணமாக ஒருவனைச் சிவில் சிறையில் அடைப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவுக்கு விரோதமென்று அதில் எழுதியவர், கேரளத்திலிருந்து போன நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். இத்தனைக்கும் பிறகு, இன்றும், "கட்டாவிட்டால் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும்" என்று வசூலுக்கு வருகிற ஓர் இளைஞன் தெருவில் நின்று சொன்னால், அதை நம்பி அன்றிரவு உறங்காமலிருக்கிற வீடுகள் இந்த மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றன.

ஏன் அவர்கள் யாரிடமும் போய்க் கேட்பதில்லை? மானம் என்ற ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அது முழு விடையாகாது. தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளில், பேராவூரணியிலும் கீரமங்கலத்திலும் வடகாட்டிலும், ஆடி ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கிறதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மேஜை நாற்காலியோடு கணக்கெழுத ஆள் உட்காரவைத்து, வருகிறவர்கள் கொடுக்கிற தொகையை நோட்டில் பதிந்துகொண்டு, அவரவர் முறை வரும்போது முன்னையதோடு கூட்டித் திருப்பிச் செய்கிறார்கள். உள்ளபடி பார்த்தால் அதுவும் கடனே, பெருங்கடனே. ஆயினும் அங்கே ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்து வழியாகப் போவதில்லை. ஏனெனில், யார் யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பது ஊரறிய எழுதப்பட்டிருக்கிறது. எழுதாத கணக்குத்தான் மனிதனை அரிக்கிறது. தான் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது தனக்கே சரியாகத் தெரியாமல், தெரிந்துகொள்ளவும் அஞ்சி, வந்த கடிதங்களைப் பிரிக்காமலே பரணில் போட்டுவிட்டு, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதப் பணமில்லாததால் உடம்பு சரியில்லையென்று பொய் சொல்லிக்கொண்டு வாழ்கிற ஒருவனுக்கு, கடனைவிட அந்தக் கணக்கில்லாத பயமே பெரிய வியாதியாகிவிடுகிறது.

பக்கத்து வீட்டுக்காரன் தன் கணக்கை அறிந்திருப்பதே ஒருவனுக்குப் பாதுகாப்பு என்ற இந்த எண்ணத்துக்கு நம் ராஜதானியில் ஒரு நெடிய சரித்திரம் உண்டு. சென்னை அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்ஸன் என்ற சிவில் அதிகாரியை, குடியானவர் கடனுக்கு என்ன பரிகாரம் என்று ஆராயப் பணித்தது. அவர் ஐரோப்பாவின் கடன் சங்கங்களைப் பற்றியெல்லாம் தேடி ஆராய்ந்து, 1895-ல் தம் அறிக்கையைக் கொடுத்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்ற கிராமத் தலைவர் ஏற்படுத்திய சங்கங்களின் தத்துவம் எளியது: ஒரு கிராமத்தார் ஒன்றுகூடி, ஒருவருக்கு மற்றவர் பொறுப்பேற்றுப் பொதுவில் கடன் வாங்கி, தங்களுக்குள் குறைந்த வட்டிக்குக் கொடுத்துக்கொள்வது. அண்டை வீட்டுக்காரனுக்கு இவன் உழைப்பாளியா ஊதாரியா என்பது தெரியுமாகையால், அவனுடைய அறிவே ஈடு. நகையும் நிலமும் தேவையில்லை. அந்த வழியில் 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் நம் பக்கத்தின் முதற் சங்கம் தோன்றியது. அந்தச் சங்கங்கள் பிற்காலத்தில் எப்படியெல்லாம் ஆயின என்பது வேறு கதை. அதற்குள் நான் புகவில்லை.

1930-களில் விளைபொருள் விலை சரிந்து, விவசாயியின் தலையில் கடன் அவன் நிலத்தின் விலையைத் தாண்டி ஏறியபோது, 1937-ல் பதவியேற்ற ராஜாஜி மந்திரிசபை ஒரு காரியம் செய்தது. என் மதிப்பில் அது இந்நாட்டுக் கடன் சரித்திரத்திலேயே மிகத் துணிச்சலான காரியங்களுள் ஒன்று. 1938-ஆம் ஆண்டின் 4-ஆவது சட்டமான சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன்பட்ட கடன்களுக்கு 1937 அக்டோபர் முதல் தேதியன்று நிலுவையிலிருந்த வட்டியைத் தள்ளிவிட்டது. அதற்கும் மேலே போய், வட்டியாகவோ அசலாகவோ எப்படிக் கொடுத்திருந்தாலும், அசலைப் போல் இருமடங்கு கொடுத்து முடித்தவனுடைய கடன் முழுவதும் தீர்ந்தது என்று விதித்தது. அசலுக்கு மேல் வட்டி ஏறலாகாது என்று தர்மசாஸ்திரம் சொன்ன பழைய நியாயத்தின் சாயல் அதிலிருக்கிறது. இந்த இருமடங்கு என்ற அளவுகோலை நினைவில் வைத்துக்கொள்ளும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சற்று நேரத்தில் அது வேண்டியிருக்கும்.

நிக்கல்ஸன் போற்றிய அந்த அண்டை வீட்டுக்காரி இன்றைக்கு என்னவாகியிருக்கிறாள் என்று பாருங்கள். வாரக் குழுக் கடன் என்று நம் பெண்கள் சொல்லுகிற நுண்கடனில், ஐந்தோ பத்தோ பேர் ஒரு குழுவாகக் கூடி, ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் போட்டுக் கட்டுகிறார்கள். காகிதத்தில் பார்த்தால் இது ரைபைசனின் தத்துவமேதான். நடப்பில், பத்துப் பேரும் ஒருத்தி வீட்டு வாசலில் பொழுது சாய்ந்த பிறகும் உட்கார்ந்திருக்க, வசூலுக்கு வந்த பையன் வண்டியின்மேல் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்று அண்டை வீட்டாளின் அறிவு கடனாளிக்கு ஈடாயிருந்தது. இன்று அவளுடைய கோபம் கடன் கொடுத்தவனுக்கு ஆயுதமாகிவிட்டது. முதல் குழுவில் கட்ட இரண்டாம் குழுவிலும், இரண்டாவதில் கட்டத் தண்டலிலும் வாங்குகிறாள். தண்டல் என்றால் என்ன என்பதை இங்கே சிலர் அறியாதிருக்கலாம். 10,000 என்று பேசி, 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு, கையில் 8,500 கொடுத்து, நாளொன்றுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவது. நூற்றுக்குப் பதினைந்துதானே என்று அவள் எண்ணுகிறாள். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டுப் பார்த்தால், அது ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 120 ஆகிறது.

இதற்கெல்லாம் விதிகள் இல்லையோ என்றால், உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஈடின்றிக் கொடுக்கும் நுண்கடனில், அக்குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகச் சேர்த்துக் கட்டும் தொகை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டிருக்கிறது. வசூல் பொதுவில் குறித்த இடத்தில்தான் நடக்க வேண்டும். அந்த இடத்துக்குத் தொடர்ந்து இரு முறையேனும் வராதவர் வீட்டுக்குத்தான் போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது. மற்றக் கடன்களுக்கு அந்த நேரம் காலை 8, மாலை 7. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைப் பெயர் சொல்லியே தடுத்து, மூன்றாண்டு வரை சிறை விதிக்கிற தமிழ்நாட்டுச் சட்டம் 2003-ல் வந்தது. நியாயமான தொகையைக் கோர்ட்டில் செலுத்திவிட்டுக் கடன் தீர்ந்ததாகப் பதியும்படி கேட்கவும் அதில் கடனாளிக்கு வழி உண்டு. கடன் வசூலில் வன்செயலையும் மிரட்டலையும் தண்டிக்க 2025-ல் இன்னொரு சட்டமும் இயற்றியிருக்கிறார்கள். சட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. மாலை ஏழரை மணிக்கு வாசலில் நிற்பவனிடம், "தம்பி, ஆறு மணிக்கு மேல் இங்கே நிற்க உனக்கு உத்தரவு கிடையாது" என்று சொல்ல ஒரு குரல்தான் இல்லை.

அந்தக் குரல் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். தொழிலிலிருந்து ஓய்ந்த பிறகு, சட்ட உதவி மையத்தில் நான் போய் உட்காருகிற நாட்களில் ஒன்றில், ஒரு தையற்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். எவ்வளவு கடன் என்று கேட்டேன். "ஏழெட்டு லட்சத்துக்கு மேல இருக்கும்யா" என்றார். எழுதிப் பார்த்தீர்களா என்றால், இல்லை. ஒரு முழுத்தாளை எடுத்து நான்கு பத்தியாக மடித்தேன். யாரிடம் வாங்கியது, கையில் வந்தது எவ்வளவு, இதுவரைக்கும் கட்டியது எவ்வளவு, எதில் கையெழுத்துப் போட்டது. எழுதத் தொடங்கியதும் ஒன்று வெளிப்பட்டது: ஏழு வகைக் கடனில் மூன்று அவருக்குத் தெரியாது, இரண்டு அந்த அம்மாளுக்குத் தெரியாது. ஒருவரையொருவர் வருத்தப்படுத்தக் கூடாது என்ற அன்பினாலேயே இருவரும் மறைத்துவைத்திருந்தார்கள். வங்கியில் நகைக் கடன் 1,10,000. இரண்டு வாரக் குழுக்களில் மீதி 65,000. எம்பிராய்டரி மிஷின் தவணையில் 54,000. கைப்பேசிச் செயலிக் கடன் 9,000. தண்டலில் நாற்பது நாள், 4,000. மைத்துனரிடம் கைமாற்று 60,000. புரோநோட்டும் எழுதாத செக்குகளும் கொடுத்து வாங்கிய வட்டிக் கடன், கேட்கிற தொகை 1,21,500. கூட்டினால் 4,23,500. அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர், "இவ்வளவுதானாய்யா?" என்றார். நாலே கால் லட்சம் அவருக்குச் சின்னத் தொகையன்று. ஆனால் அதற்கு ஒரு கரை இருந்தது.

பிறகு மூன்றாம் பத்தியைப் பார்த்தோம். வட்டிக்காரரிடம் அவர் வாங்கியது 90,000. நூற்றுக்கு ஐந்து வட்டி, மாதம் 4,500. நாற்பத்தொரு மாதம் கட்டி, ஏழு மாதம் நின்றுபோயிருக்கிறது. கட்டிய மொத்தம் 1,84,500. அசலைப் போல் இருமடங்குக்கு மேல்! 1938-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றிருந்து, இவரும் உழவராயிருந்து, கடனும் அந்தக் காலத்ததாயிருந்தால், ஒரு காசு பாக்கியில்லை என்று சொல்லியிருப்பார்கள். இருக்கிற சட்டத்தைக் கொண்டு, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைச் சொல்லி, வழக்காவதற்கு முன்பே லோக் அதாலத்தில் வைத்துப் பேசினோம். வட்டிக்காரர் 30,000 பெற்றுக்கொண்டு, புரோநோட்டையும் செக்குகளையும் என் முன்னால் திருப்பிக் கொடுத்தார். நகை முழுகிப்போகட்டும் என்று விட்டுவிட இருந்தவர்களைத் தடுத்து, அதில் ஒரு சங்கிலியை விற்று மற்றவற்றை மீட்கச் செய்தோம். ஏலத்துக்குப் போவதைக் காட்டிலும் தாமே விற்பது எப்போதும் லாபம். தண்டலை முதலில் முடித்தோம். எம்பிராய்டரி மிஷின் தவணையை விடக் கூடாது, ஏனெனில் அதுதான் சோறு போடுகிறது. மைத்துனர் கடைசியில். குழுக் கடன்களுக்கு நிறுவனத்துக்கு எழுதித் தவணையைக் குறைத்து வாங்கினோம். எல்லாம் தீர மூன்றாண்டு பிடித்தது. அந்த மூன்றாண்டும் சுகமாகப் போகவில்லை.

எதை முதலில் கட்டுவது என்பதில்தான் அநேகர் வழி தவறுகிறார்கள். யார் அதிகமாகச் சத்தம் போடுகிறானோ அவனுக்கு முதலில் கட்டுகிறார்கள். வீட்டு வாடகையும் மின்கட்டணமும் பள்ளிக்கூடத்துச் சம்பளமும் சத்தம் போடுவதில்லை. அவை நின்றுபோனால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும்.

தையற்காரருக்கு வாய்த்த இந்த உபகாரம் அபூர்வமானதொன்றன்று, எல்லாருக்கும் உள்ளதுதான். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும், உடற்குறையுள்ளோருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பாராமலே இலவச வக்கீல் கிடைப்பார். தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். லோக் அதாலத்தில் ஆன முடிவு டிக்ரிக்குச் சமானம். அதன்மேல் அப்பீல் கிடையாது. வங்கியோ நிதி நிறுவனமோ முறைதவறி நடந்தால், முதலில் அவர்களுக்கே எழுத்தில் கொடுத்து, முப்பது நாளில் நியாயம் கிடைக்காவிட்டால், 2021-ல் ஒருங்கிணைத்த ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு எண் 14448. செயலிக் கடன்காரர்கள் கைப்பேசியிலுள்ள முகவரிகளையும் படங்களையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது 2022 செப்டம்பரில் வந்த விதி. எடுத்து, படத்தைச் சிதைத்து உறவினருக்கெல்லாம் அனுப்பி மிரட்டினால் அது கடன் விவகாரமன்று, குற்றம். 1930 என்ற எண்ணில் சொல்ல வேண்டும். பணம் கட்டி முடித்தபின் வீட்டுப் பத்திரத்தை முப்பது நாளுக்குள் திருப்பித் தராத வங்கி, தன் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பதும் பலர் அறியாத விதி.

வங்கியோடு ஒரே தடவையில் குறைத்துத் தீர்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கியில்லை என்ற சான்றிதழை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். அப்படித் தீர்த்தது உங்கள் கடன் வரலாற்றில், முழுதும் கட்டியதாக இல்லாமல், பேசித் தீர்த்ததாகவே சில காலம் பதிந்திருக்கும். அதனால் புதிய கடன் கிடைப்பது அரிதாகலாம். அதைப் பெருநஷ்டமாக நான் கருதவில்லை.

துணை செய்கிறோமென்று வருகிறவர்களிலும் பேதம் தெரிய வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு, "கடன்காரன் போனை எடுக்காதீர்கள், தவணையை நிறுத்துங்கள், பாதியாக நாங்கள் குறைத்துத் தருகிறோம்" என்று வாக்களிக்கிறவர்களிடம் பணம் கொடுத்து, வழக்கும் அபராதமும் ஏறின பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. எல்லாக் கடனையும் ஒன்றாக்கித் தருகிறேன் என்று வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறவர்களிடமும் ஜாக்கிரதை வேண்டும். ஈடில்லாத கடனுக்காக வீட்டை ஈடாக வைப்பது, நெருப்பை அணைக்க நெய்யைத் தேடுவதுபோல. வட்டி குறைந்த இடத்தில் வாங்கி வட்டி மிகுந்ததை அடைப்பது விவேகந்தான். ஆனால் அடைத்த மறுநாளே பழைய கதவு மறுபடியும் திறக்குமானால் இரண்டும் சேர்ந்து கொல்லும்.

எழுதிப் பார்த்தால் எப்போதும் தொகை குறையும் என்று நான் சொல்லவில்லை. தம்பிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட ஓர் ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு, எழுத எழுதத் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. அவருக்கு எந்தத் தவணையும் பொருந்தாது. அத்தகையவருக்காகத்தான் இன்ஸால்வென்ஸிச் சட்டம் இருக்கிறது: சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டினது, வெளியூர்களுக்கு 1920-ஆம் ஆண்டினது. நம் ஊர்ப் பேச்சில் இதை "மஞ்சள் கடுதாசி கொடுப்பது" என்று, ஏமாற்றுகிறவன் செய்யும் காரியம்போல் ஏளனமாகச் சொல்லுகிறார்கள். ஏமாற்றியவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சட்டத்தின் ஆத்மா வேறு. 500 ரூபாய்க்குக் குறையாத கடனைத் தீர்க்க இயலாதவன், தன் சொத்து அனைத்தையும் மறைக்காமல் கோர்ட்டின் ரிசீவர் கையில் ஒப்படைத்து, கடன்காரர் எல்லாருக்கும் அது விகிதப்படி பங்கிடப்பட, தனித்தனி வழக்குகள் நிற்க, நடத்தை நேர்மையாயிருந்தால் காலாந்தரத்தில் விடுதலை பெற்று மறுபடியும் மனிதனாகத் தலைநிமிர்வதற்காகவே அது ஏற்பட்டது. குமாஸ்தா நான்கு மாதம் தயங்கினார். ஊரார் என்ன சொல்வார்களோ என்பதுதான் தயக்கம்.

இந்தப் பழஞ் சட்டங்களுக்குப் பதிலாக, 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று மூன்றாம் பாகம் எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000-க்கும், சொத்து 20,000-க்கும், தள்ளத்தக்க கடன் 35,000-க்கும் மேற்படாத, சொந்த வீடில்லாத ஏழைக்குக் கடனைத் துடைத்து 'புதிய தொடக்கம்' கொடுக்கவும், மனு ஏற்கப்பட்டபின் 180 நாள் எவரும் நெருங்காதிருக்கவும் அதில் ஏற்பாடு உண்டு. கம்பெனிகளுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் அப்பாகம் 2019 டிசம்பரிலிருந்து அமலாகியிருக்கிறது. மற்றச் சாமானியருக்கு அது இதுவரை வெறும் அச்சிட்ட காகிதமே. கோடிக்கணக்கில் கடன்பட்ட கம்பெனிக்கு அவகாசம் கொடுக்கத் தெரிந்த தேசம், முப்பதாயிரம் கடன்பட்ட ஒரு பூக்காரிக்கு அதைக் கொடுக்காமல் இத்தனை ஆண்டு கடத்தியிருப்பது எனக்கு மிகுந்த துயரத்தைத் தருகிறது. இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசகரிடம் போகிற தகுதியுள்ளவர்களுக்கு அறுபது நாள் மூச்சுவிட அவகாசம் உண்டு. அதற்குள் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏறாது, வசூலுக்கு ஆள் வராது. அங்கே ஆலோசகரின் வழியாகத்தான் அவகாசம் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டன் இறங்கிய மறுநாள், 1939 செப்டம்பர் 4-ல், குடிகளுக்கு யோசனை சொல்லும் நிலையங்களை அந்நாட்டார் திறந்துவைத்தார்கள். இன்றும் கடன்பட்டவர்கள் அங்கேதான் போய்க் கதவைத் தட்டுகிறார்கள்.

2017 அக்டோபர் 23-ஆம் தேதியைத் திருநெல்வேலிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். கந்துவட்டிக் கொடுமையென்று பலமுறை மனுக் கொடுத்தும் பயனில்லாமல், ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகள் உட்பட, கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே தன்னை மாய்த்துக்கொண்டது. அன்றைக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. மனு வாங்குகிற மேஜையும் இருந்தது. அந்தக் குழந்தைகளை நினைக்காமல் நான் இந்தப் பேச்சை எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒருவர் கடனால் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தால், பொருள்களை ஒவ்வொன்றாகப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தால், தயவுசெய்து அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். கடன் சரீரத்தோடு சம்பந்தப்பட்டதன்று. அதை உயிரால் அடைக்க வேண்டியதில்லை.

இனி ஒரு விண்ணப்பம். இந்நூலகத்தின் பின்கட்டில், பத்திரிகை படிக்கிற அறைக்கு அடுத்தாற்போல், பழைய அலமாரிகளைப் போட்டுவைத்திருக்கும் ஒரு சிற்றறை இருக்கிறது. பொறுப்பாளர்களைக் கேட்டேன், ஒழித்துச் சாவியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மேஜையும் மூன்று நாற்காலிகளும் போதும். மூன்றாவது நாற்காலி, கணவனும் மனைவியும் சேர்ந்து வருவதற்காக. கூட்டுறவு வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் கணக்குப் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இங்கேயிருக்கும் இளம் வக்கீல்களில் இருவர் வந்தால் எனக்குப் பிறகும் அது நடக்கும். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். பெயர் எழுதிக்கொள்ள மாட்டோம், கட்டணம் கிடையாது. வருகிறவர்கள் வீட்டிலுள்ள கடுதாசிகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தால் போதும். பிரிக்க மனம் வராத உறைகளைப் பிரிக்காமலே கொண்டுவரலாம். அங்கே உட்கார்ந்து சேர்ந்தே பிரிப்போம்.